பென்னி காட்டரும் நான்கு சக்ஸபோன்களும்

பாட்டை இயற்றுபவர் ஒருவர். அதனை வாசிப்போர் பலர். இவ்விரு சாராருக்கும் நடுவே மற்றொருவர் உளர். எந்த வாத்தியம் எவ்விடத்தில் ஒலிக்க வேண்டும், எது எவ்விடத்தில் அடங்க வேண்டும் என்று தாளிலே வகுத்துக் கொடுப்பவர் அவர். அவருடைய பெயர் கேட்போர் செவிக்கு எட்டுவது அரிது. அமெரிக்க ஜாஸ் இசையில் ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் இப்பணியைச் செய்தவர் பென்னி காட்டர் என்னும் கறுப்பினக் கலைஞர்.

1907ஆம் ஆண்டு நியூயோர்க் நகரிற் பிறந்த காட்டர், தாயாரிடம் பியானோ பயின்றார். சிறுவயதிற் காசு சேர்த்து, அடகுக் கடையில் ஒரு ட்ரம்பெட் வாங்கினார். இரண்டொரு நாளில் அது வசப்படாமற் போகவே, அதனைக் கொடுத்துச் சக்ஸபோன் ஒன்றை மாற்றிக்கொண்டார். பிற்காலத்தில் இரண்டிலும் வல்லவரானார். இசை வகுக்கும் வித்தையையோ, அச்சிட்ட வாத்தியப் பகுதிகளைத் தரையில் விரித்து, ஒவ்வொன்றாக ஆராய்ந்து தாமே கற்றார்.

1935ஆம் ஆண்டு பாரிஸ் சென்ற அவரை, மறு ஆண்டில் இலண்டன் பி.பி.சி. நடன இசைக்குழு அழைத்துக்கொண்டது. வெளிநாட்டார் அங்கு வாசிப்பதை அந்நாட்டு விதிகள் கட்டுப்படுத்தின. எனவே காட்டர் எழுதினார். அவர் எழுதியதைப் பிறர் வாசிக்க, வானொலி நேயர்கள் கேட்டனர்.

1937 ஏப்ரலிற் பாரிஸில் நிகழ்ந்த ஒலிப்பதிவொன்று குறிப்பிடத்தக்கது. நான்கு சக்ஸபோன்களுக்குக் காட்டர் இசை வகுத்தார். அவரும் கோல்மன் ஹோக்கின்ஸும் அமெரிக்கக் கறுப்பினத்தவர். ஏனைய இருவரும் பிரெஞ்சுக்காரர். நான்கு கருவிகளும் ஒரே மூச்சில் எழுந்து, ஒருவர் பாடுவதுபோல் ஒலித்தன. அதே ஆண்டில் ஒல்லாந்திலே, பல நாட்டவரும் இரு நிறத்தவரும் சேர்ந்த குழுவொன்றையும் அவர் நடத்தினார். இருநிறத்தாரும் ஒரே மேடையில் அமர்வது அமெரிக்காவில் அரிதாயிருந்த காலம் அது.

1938இல் தாயகம் மீண்ட காட்டர், பின்னர் லொஸ் ஏஞ்சலிஸ் நகரிற் குடியேறித் திரைப்படங்களுக்கு இசை வகுக்கலானார். அந்நகரிலே வாத்தியக்காரருக்கு இரண்டு சங்கங்கள் இருந்தன: ஒன்று வெள்ளையருக்கு, மற்றொன்று கறுப்பினத்தவருக்கு. படப்பிடிப்பு நிலையங்களின் வேலை பெரும்பாலும் முதற் சங்கத்தாரையே சேர்ந்தது. இரண்டையும் ஒன்றாக்க முன்னின்று உழைத்தோருட் காட்டரும் ஒருவர். 1953இல் அவை ஒன்றாயின.

1961இல் அவர் மீண்டும் நான்கு சக்ஸபோன்களைக் கூட்டினார். பாரிஸில் வாசித்த பாட்டுக்கள் சில புதிதாக வகுக்கப்பட்டன. ஹோக்கின்ஸ் மீண்டும் அருகிருந்தார். ஏனைய இருவரில் ஒருவர் வெள்ளையர், மற்றவர் கறுப்பினத்தவர். இம்முறை அக்கூட்டம் அமெரிக்க மண்ணிலேயே அமைந்தது.

1974இற் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவ கலாநிதிப் பட்டம் அளித்தது. 2000இல் அமெரிக்க அரசின் கலைப் பதக்கமும் கிடைத்தது. 2003இல், தொண்ணூற்றைந்தாம் வயதிற் காட்டர் காலமானார். அந்த இரு ஒலிப்பதிவுகளையும் இன்று கேட்போர், எக்குரல் எவருடையதெனப் பிரித்தறிய இயலாத இடங்கள் பலவற்றைக் காண்பர். காட்டரின் கைவண்ணம் அவ்விடங்களிலேயே உள்ளது.