குடி நிறுத்தம்

மதுவையும் பிற போதைப் பொருள்களையும் முற்றிலும் கைவிட்டு வாழ்தல். மதுவை நிறுத்தினால் கல்லீரலில் பலன் தெரியும். அதில் படிந்த கொழுப்பு பெரும்பாலும் சில வாரங்களிலேயே குறையத் தொடங்கும்; சிரோசிஸ் என்னும் கடும் தழும்பு விழுந்துவிட்டால் பழைய நிலை திரும்புவது அரிது. இரத்த அழுத்தம் இறங்கும், உறக்கம் மெல்லச் சீராகும். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1988இலேயே மதுவைப் புற்றுநோய்க் காரணியாக வகைப்படுத்தியது.

நாள்தோறும் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்துவது ஆபத்து. கைநடுக்கம், வியர்வையில் தொடங்கி, இரண்டொரு நாளில் வலிப்பும், பிறகு மனக்குழப்பமும் வரக்கூடும், உயிரும் போகலாம். இதை மனவுறுதிக் குறைவு என்று பழிப்பது கொடுமை. மருத்துவர் மேற்பார்வையும் தயாமின் ஊசியும் தேவை.

சென்னையில் 1980இல் சாந்தி ரங்கநாதன் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை, மருந்தோடு குடும்பத்தாருக்கும் ஆலோசனை தந்து இத்துறைக்கு வழிகாட்டியது. சட்ட வழி வேறு: 1937இல் ராஜாஜி சேலத்தில் கொண்டுவந்த மதுவிலக்கு பின்னர் சென்னை மாகாணம் முழுதும் பரவி, 1971இல் தளர்த்தப்பட்டது. 2003 முதல் தமிழ்நாட்டில் மதுவின் சில்லறை விற்பனை அரசு நிறுவனமான டாஸ்மாக் வசம்.

விருதுநகர் மாவட்டத்தின் காரியாபட்டி, திருச்சுழி போன்ற மானாவாரிப் பகுதிகளில் குடி நிறுத்தத்தின் பலன் வீட்டுச் செலவில் உடனே தெரியும். மழை பொய்த்தால் கூலியே வருமானம். அது முழுதாக வீடு வந்தால் மளிகைக்கடன் அடையும், பிள்ளைகளின் படிப்பு தடைபடாது.