ஒரே தட்டு, மூணு அறைக்கு இலவச டி.வி.: கேபிள் இழுக்கும் முன் தெரிஞ்சுக்க வேண்டியவை

மொட்டை மாடியில் ஒருத்தர் தட்டைப் பிடிச்சுக்கிட்டு நிற்பார். படிக்கட்டில் ஒரு பையன். ஹாலில் டி.வி. முன்னால் வீட்டம்மா. "வருதா?" "வரலை!" "இப்போ?" "வந்துச்சு... ஐயோ, போயிடுச்சு!"

டிஷ் மாட்டிய வீடுகளில் இந்தக் கூத்து நடக்காத வீடு அபூர்வம். ஒரு டி.வி.க்கே இந்தப் பாடு என்றால் ஹாலில் ஒன்று, படுக்கை அறையில் ஒன்று, பெரியவர்கள் அறையில் ஒன்று என்று மூன்று டி.வி. இருக்கும் வீட்டைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

கூடுதல் டி.வி.க்குத் தனியாகப் பணம் கட்ட முடியாத குடும்பங்கள்தான் பெரும்பாலும் இலவச டிஷ் பக்கம் வருகின்றன. 2019 பிப்ரவரியில் 'டிராய்' அமைப்பு புதிய கட்டண முறையைக் கொண்டு வந்தபோது 100 சேனலுக்கு அடிப்படைக் கட்டணமே 130 ரூபாய், ஜி.எஸ்.டி. சேர்த்து 153 ரூபாய் 40 காசு என்று ஆனது. கட்டணச் சேனல்களுக்கு அதற்கு மேல் தனிக் காசு. 'ரெண்டாவது டி.வி.க்கும் இதே தொகையா?' என்று ஜனங்கள் முணுமுணுத்தார்கள். 2020-ல் கூடுதல் டி.வி.க்கு அடிப்படைக் கட்டணத்தில் 40 சதவீதத்துக்கு மேல் வாங்கக்கூடாது என்று திருத்தம் வந்தது. 2024-ல் அடிப்படைக் கட்டணத்துக்கான உச்சவரம்பே எடுக்கப்பட்டு விட்டது.

இலவசத்தில் என்ன கிடைக்கும்?

தூர்தர்ஷன் நடத்தும் 'டி.டி. ஃப்ரீ டிஷ்'தான் நம் ஊரில் இலவச டிஷ். 2004 டிசம்பரில் 'டி.டி. டைரக்ட் பிளஸ்' என்ற பெயரில் தொடங்கியது. பெயர் பிறகு மாறியது. மாதக் கட்டணம் கிடையாது, ரீசார்ஜ் கிடையாது. தட்டும் பாக்சும் வாங்குவதோடு செலவு முடிந்தது. 2022-ல் நாடு முழுவதும் சுமார் 4½ கோடி வீடுகளில் இது இருந்ததாக மதிப்பிடப்பட்டது.

ஆனால் ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லி விடுவது நல்லது. சன் டி.வி., கே டி.வி., விஜய் டி.வி. போன்றவை கட்டணச் சேனல்கள். இலவசத் தட்டில் சாயங்கால சீரியலை எதிர்பார்த்து வாங்கினால் வீட்டில் சண்டைதான் மிஞ்சும். தமிழில் நிச்சயமாகக் கிடைப்பது டி.டி. தமிழ். பொதிகை என்று எல்லோருக்கும் தெரிந்த அதே சேனல்தான். 2024 ஜனவரியில் பெயர் மாறியது. தனியார் சேனல்கள் ஏலத்தில் இடம் எடுத்து வருகின்றன. ஆகவே இந்த வருஷம் இருப்பது அடுத்த வருஷம் இல்லாமல் போகலாம். அவற்றிலும் இந்திதான் அதிகம். 'எல்லாச் சேனலும் ஃப்ரீ' என்று சொல்லி விற்பவரிடம், கடையிலேயே டி.வி.யில் போட்டுக் காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு வாங்கலாம்.

பிள்ளைகள் படிக்கிற வீட்டுக்கு இன்னொரு லாபம் உண்டு. மத்திய அரசின் 'ஸ்வயம் பிரபா' பாடச் சேனல்களும் இதே ஜிசாட்-15 செயற்கைக்கோளில்தான் வருகின்றன. இரண்டாவது அறைக்கு இணைப்பு இழுக்க இது ஒன்றே போதும் என்று நினைக்கும் பெற்றோர் உண்டு.

பழைய ஆன்டெனா இனி உதவுமா?

40 வயதைத் தாண்டியவர்களுக்குக் கொடைக்கானல் டவரைத் தெரியாமல் இருக்காது. மதுரை, நெல்லை பக்கமெல்லாம் கம்பத்தின் உச்சியில் அலுமினிய ஆன்டெனாவைக் கட்டி, கொடைக்கானலைப் பார்த்துத் திருப்பி வைத்திருந்தார்கள். கடலோர ஊர்களில் அதையே இலங்கைப் பக்கம் திருப்பி ரூபவாகினியில் கிரிக்கெட் பார்த்தவர்களும் உண்டு. காற்றடித்தால் காக்கா உட்கார்ந்த மாதிரி ஆன்டெனா சாயும், படத்தில் புள்ளி புள்ளியாக மழை பெய்யும்.

அந்தக் காலம் முடிந்து விட்டது. தரைவழியாக வந்த பழைய அனலாக் ஒளிபரப்பை, எல்லைப் பகுதி போன்ற முக்கியமான சில இடங்கள் தவிர, 2022 மார்ச்சுக்குள் தூர்தர்ஷன் படிப்படியாக நிறுத்தி விட்டது. பரணில் கிடக்கும் பழைய ஆன்டெனாவைத் துடைத்து மாட்டினால் ஊரெல்லாம் பழைய படம் வரும் என்று நினைக்க வேண்டாம்.

டிஜிட்டல் முறையில் தரைவழி ஒளிபரப்பு, 2016 பிப்ரவரியில் சென்னை உள்பட 16 நகரங்களில் தொடங்கப்பட்டது. இதற்கு 'டி.வி.பி.-டி2' என்ற டியூனர் உள்ள டி.வி. அல்லது பாக்ஸ் வேண்டும். ஆகவே சென்னைக்காரர்கள் புது ஆன்டெனா வாங்கும் முன், இரவல் ஆன்டெனா ஒன்றை மாட்டி, டி.வி.யில் 'ஆட்டோ ஸ்கேன்' போட்டுப் பார்ப்பது புத்திசாலித்தனம். சேனல் ஏறினால் வாங்கலாம். ஏறாவிட்டால் காசு மிச்சம். மற்ற மாவட்டத்துக்காரர்களுக்குத் தட்டுதான் வழி.

தட்டு எந்தப் பக்கம்?

ஜிசாட்-15 நிற்கும் இடம் கிழக்கு 93.5 டிகிரி. தமிழ்நாட்டில் இருந்து பார்த்தால் தென்கிழக்குத் திசை. சென்னையில் கிட்டத்தட்ட நேர் தென்கிழக்கு. கன்னியாகுமரிப் பக்கம் போகப்போகக் கிழக்கு நோக்கிக் கொஞ்சம் திரும்பும். உயரம் சுமார் 68 டிகிரி, அதாவது கிட்டத்தட்ட தலைக்கு மேலே. ஆனால் கடையில் விற்கும் சாதாரணத் தட்டு 'ஆஃப்செட்' வகை. அது தன் முகம் பார்க்கும் இடத்துக்கு மேலே இருந்து சிக்னலை வாங்கும். அதனால் தட்டு அவ்வளவு மல்லாந்து படுக்க வேண்டியதில்லை. இது தெரியாமல் தட்டை வானத்தைப் பார்க்க மல்லாத்திவிட்டு, பாக்ஸ் சரியில்லை என்று கடைக்காரரிடம் சண்டை போட்டவர்கள் நிறைய.

தென்கிழக்கில் தென்னை மரமோ, பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டியோ மறைக்கக் கூடாது. தட்டைக் கடுகளவுதான் அசைக்க வேண்டும். அசைத்துவிட்டு இரண்டு மூன்று விநாடி பொறுக்க வேண்டும், ஏனென்றால் பாக்ஸ் சிக்னலைப் பிடிக்க நேரம் எடுக்கும். தட்டின் முன்னால் இருக்கும் எல்.என்.பி.யையும் தன் இடத்திலேயே திருகிப் பார்க்கணும். அது செங்குத்தாகத்தான் நிற்கணும் என்று கட்டாயம் இல்லை. பழைய டி.டி.எச். தட்டு சும்மா கிடந்தால் அதையே திருப்பி வைக்கலாம். வாடகைக்குக் கொடுத்த தட்டு என்றால் மட்டும் அது கம்பெனிக்காரர் சொத்து, கேட்டுக்கொண்டு தொடணும்.

சிக்கல் இங்கேதான்

மூன்று அறைக்கும் இழுக்கும்போது பலரும் செய்கிற தப்பு, கேபிள் டி.வி.க்குப் போடுகிற ஸ்பிளிட்டரை வாங்கித் தட்டின் வயரில் மாட்டுவது. விலை குறைவு, பார்க்க ஒரே மாதிரி இருக்கும். ஆனால் அதன் மேலேயே '5-1000 மெகாஹெர்ட்ஸ்' என்று எழுதியிருக்கும். தட்டில் இருந்து இறங்கும் சிக்னலோ 950 முதல் 2150 மெகாஹெர்ட்ஸ் வரை. கேபிளுக்கான ஸ்பிளிட்டர் அதில் பெரும்பகுதியை முழுங்கி விடும். '5-2400' அல்லது '5-2500' என்று எழுதிய சாட்டிலைட் ஸ்பிளிட்டர்தான் வேலைக்கு ஆகும்.

இன்னொரு விஷயம் கரண்ட். எல்.என்.பி.க்கு மின்சாரம் போவதே பாக்சில் இருந்துதான், அதே வயர் வழியாக. பாக்ஸ் 13 வோல்ட் அனுப்பினால் எல்.என்.பி. ஒருவகைச் சேனலை எடுக்கும், 18 வோல்ட் அனுப்பினால் இன்னொரு வகையை எடுக்கும். ஒரு எல்.என்.பி.யில் இரண்டு பாக்சை மாட்டி, ஹாலில் ஒருவர் ஒரு வகைச் சேனலும் அறையில் ஒருவர் மறு வகையும் வைத்தால் இரண்டு பேரில் ஒருவருக்குத்தான் படம். ஒருவர் சேனல் மாற்றினால் மற்றவருக்குப் படம் போகும். இரண்டு பாக்சும் ஒரே வோல்ட் கேட்கும் சேனல்களில் இருக்கும் வரை ஸ்பிளிட்டர் ஓடும். எத்தனையோ வீடுகளில் அப்படித்தான் ஓடிக்கொண்டு இருக்கிறது. ஸ்பிளிட்டரில் எந்தப் பக்கம் 'பவர் பாஸ்' என்று குறித்திருக்கிறதோ, அந்தப் பக்கத்து பாக்ஸ் எப்போதும் பிளக்கில் இருக்க வேண்டும். அதை அணைத்து விட்டால் மற்ற அறைகளும் இருட்டுதான்.

தலைவலி வேண்டாம் என்பவர்களுக்கு இரட்டை வாய் எல்.என்.பி. இருக்கிறது. நாலு வாய், எட்டு வாய் எல்.என்.பி.யும் விற்கிறார்கள். ஒவ்வொரு வாயும் தனி எல்.என்.பி. மாதிரி. ஒவ்வொரு அறைக்கும் தனி வயர், தனி பாக்ஸ், தனிச் சேனல். மூன்று அறை உள்ள வீட்டுக்கு நாலு வாய் எல்.என்.பி. ஒன்று வாங்கி மாட்டுவதே கடைசியில் சிக்கனம். வயர் கூடுதலாகச் செலவாகும், அவ்வளவுதான். லாட்ஜ், அடுக்குமாடி போன்ற இடங்களுக்கு 'மல்டி சுவிட்ச்' என்று ஒரு பெட்டி உண்டு. அதில் தட்டில் இருந்து நாலு வயரும், தரைவழி ஆன்டெனாவில் இருந்து ஒரு வயரும் உள்ளே போகும்.

ஒரே வயரில் இரண்டும்

சென்னையில் ஆன்டெனா, தட்டு இரண்டும் வைப்பவர்கள், அறைக்கு இரண்டு வயர் இழுக்க இடமில்லை என்றால் 'டிப்ளெக்சர்' என்ற சின்னக் கருவி வாங்கலாம். மாடியில் ஒன்று, அறையில் ஒன்று. தரைவழி சிக்னல் கீழ் அலைவரிசையிலும் தட்டு சிக்னல் மேல் அலைவரிசையிலும் போவதால் ஒரே வயரில் இடிக்காமல் வரும். ஆன்டெனாவை மட்டும் பல அறைக்குப் பிரிப்பது சுலபம், வோல்ட் தகராறு இல்லை. ஆனால் இரண்டாகப் பிரித்தாலே சிக்னல் பாதியாகி விடும், நாலாகப் பிரித்தால் கால்தான். சிக்னல் இளைத்த இடத்தில் ஆம்ப்ளிஃபையரை ஆன்டெனா அருகிலேயே வைக்கணும். டி.வி. பக்கத்தில் வைத்தால் இரைச்சலும் சேர்ந்துதான் பெரிதாகும்.

ஒரே பாக்சை வைத்து ஒப்பேற்றலாமா?

முடியும். 2006-ல் தொடங்கி அரசு கொடுத்த 14 அங்குல இலவச கலர் டி.வி. இன்னும் சமையலறையில் ஓடுகிற வீடுகள் உண்டு. பாக்சில் இருந்து சிவப்பு, வெள்ளை, மஞ்சள் ஏ.வி. வயரைப் பிரித்து இன்னொரு அறைக்கு இழுத்தால் படம் வரும். நீளம் அதிகம் என்றால் 'ஆர்.எஃப். மாடுலேட்டர்' போட்டு கேபிள் வயரிலேயே அனுப்பலாம். குறை ஒன்றுதான். ஹாலில் என்ன ஓடுகிறதோ அதேதான் சமையலறையிலும் ஓடும். ரிமோட் ஹாலில் இருக்கும். அப்பா நியூஸ் வைத்தால் அம்மாவும் நியூஸ் பார்த்தபடியே தோசை சுட வேண்டியதுதான்.

புது டி.வி. வாங்குவோர் இன்னொன்றைக் கவனிக்கலாம். சாட்டிலைட் டியூனர் உள்ளேயே இருக்கும் டி.வி.க்களும் விற்கின்றன. அதற்கென இந்திய தர நிர்ணய அமைப்பு ஐ.எஸ். 18112 என்ற தர விதியை வகுத்துள்ளது. அப்படிப்பட்ட டி.வி.யில் வயரை நேராகச் செருகினால் இலவச சேனல்கள் வரும். பாக்ஸ் செலவு மிச்சம். தனியாக பாக்ஸ் வாங்கினால் 'எம்பெக்-4' எடுக்கும் பாக்சாகப் பார்த்து வாங்கணும். பழைய எம்பெக்-2 பாக்சில் எல்லாச் சேனலும் ஏறாது.

உயிருக்கு ஆபத்தான வேலை

வயர் விஷயத்தில் கஞ்சத்தனம் ஆகாது. ஆர்.ஜி.6 என்ற தடித்த கேபிள், திருகி மாட்டும் எஃப் கனெக்டர் இரண்டும் முக்கியம். நடுவில் வெட்டி இன்சுலேஷன் டேப் சுற்றி ஒட்டுப் போட்டால் முதல் மழையிலேயே தண்ணீர் இறங்கும். வயரை மாட்டும்போதும் கழற்றும்போதும் பாக்சின் பிளக்கைப் பிடுங்கி விட வேண்டும். நடுக்கம்பியும் வெளிச்சல்லடையும் தொட்டால் பாக்ஸ் புகைந்து விடும்.

பாக்ஸ் போனால் வேறு வாங்கலாம். மாடியில் இரும்புக் குழாயைத் தூக்கி நிறுத்தும்போது அது தெருவில் போகும் மின்கம்பியில் பட்டால் ஆளே போய் விடுவார். ஆன்டெனா காலத்தில் இருந்து பத்திரிகைகளில் வரும் செய்திதான் இது. இப்போதும் வருகிறது. வீட்டை ஒட்டி உயர் அழுத்த மின்கம்பி போனால் அந்தப் பக்கத்துக் கைப்பிடிச் சுவரில் தட்டு மாட்டவே கூடாது. ஈரத் தரையில், மழைத் தூறலில் ஏறக் கூடாது. தட்டின் இரும்புக் காலுக்கு எர்த் வயர் கொடுப்பது நல்லது. இடி இடிக்கும்போது எல்லா அறையிலும் பிளக்கையும் தட்டு வயரையும் பிடுங்கி வைக்கலாம். ஒரு பாக்சில் மட்டும் பிடுங்கிவிட்டு மற்றதை விட்டால் பிரயோஜனம் இல்லை, தட்டு ஒன்றுதானே.

பெரும் மழையில் எந்தத் தட்டிலும் படம் கட்டம் கட்டமாக உடையும். மழைத்துளிகள் சிக்னலைக் குடித்து விடுவதுதான் காரணம். பல அறைக்குப் பிரித்த வீடுகளில் கொஞ்சம் முன்னாலேயே போகும். 60 சென்டிமீட்டர் தட்டுக்குப் பதிலாக 90 சென்டிமீட்டர் தட்டு வைத்தால் தாக்குப் பிடிக்கும் நேரம் கூடும். மழை விட்டதும் படம் தானாகத் திரும்பி வரும். அதற்குள் அவசரப்பட்டு மாடிக்கு ஓடித் தட்டைத் திருப்பினால்தான் மறுபடி "வருதா, வரலையா" கூத்து.