எல்லாம் அடக்கம்

ஆரணியில் கல்யாணத்துக்குப் பட்டு எடுத்திருக்கிறீர்களா? புடவையைப் பிரித்து, தோளில் போட்டு, முந்தானையை விசிறிக் காட்டிவிட்டுக் கடைக்காரர் ஒரு தொகை சொல்வார். நீங்கள் இழுப்பீர்கள். அவர் சிரித்துக்கொண்டே சொல்வார்: "எல்லாம் அடக்கம்ணே!"

இந்த 'அடக்கம்' இருக்கிறதே, அது ஒரு கில்லாடியான வார்த்தை. பி.காம். படிப்பில் 'அடக்க விலை' என்று ஒரு பாடம் வரும். ஒரு பொருளை உருவாக்க ஆன செலவு அத்தனையும் அதற்குள் வந்துவிட வேண்டும். பட்டு நூல், ஜரிகை, சாயம், நெசவுக் கூலி என்று வரிசையாக எழுதிக் கூட்டினால் புடவையின் அடக்க விலை. கணக்கு நேராகிவிடும்.

ஆனால் ஆரணிப் பக்கம் தறி இருக்கும் எந்த வீட்டுக்குள் போனாலும், கணக்கில் வராத ஒரு கை தென்படும். குழித்தறியில் கணவர் உட்கார்ந்து நெய்துகொண்டிருப்பார். பக்கத்தில் மனைவியோ அம்மாவோ ராட்டையில் தார் சுற்றிக்கொண்டிருப்பார். தார் இல்லாமல் நாடா ஓடாது. நாடா ஓடாமல் புடவை இல்லை. அந்த வேலைக்குத் தனிக் கூலி எவ்வளவு என்று பெரும்பாலான வீடுகளில் கேட்டால் சிரிப்பார்கள். புடவைக் கூலியிலேயே அதுவும் அடக்கமாம்.

சேர்ந்திருப்பதும் அடக்கம். சத்தமில்லாமல் அடங்கிப்போவதும் அடக்கம். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

பட்டு எடுத்தாயிற்று, கல்யாணமும் முடிந்தது. அடுத்தது ஹனிமூன். ஒரு காலத்தில் ஊட்டி, கொடைக்கானலோடு முடிந்த சமாசாரம் இது. இப்போது டிராவல் ஏஜென்ட் நீட்டும் கலர் நோட்டீஸில் நீலக் கடல், வெள்ளை மணல், தண்ணீர் மேல் நிற்கும் குடில். மாலத்தீவு, நான்கு பகல், மூன்று இரவு, ஆல் இன்க்ளூசிவ். அதாவது சாப்பாடு, ஜூஸ், படகு எல்லாம் முன்கூட்டியே கட்டிய பணத்தில் வந்துவிடும். பர்ஸைத் திறக்கவே வேண்டாம். தமிழில் சொன்னால், எல்லாம் அடக்கம்!

யார் கண்டுபிடித்த யோசனை இது?

காசு கேட்காமல் எல்லாம் கொடுக்கும் இடம் நமக்குப் புதிதில்லை. தஞ்சை மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோஜி 1801-ல் ஆங்கிலேய ரெசிடென்டுக்கு ஒரு கடிதம் எழுதினார். சத்திரங்களுக்கு விடப்பட்ட நிலங்களில் கை வைத்துவிடாதீர்கள் என்பதுதான் கோரிக்கை. சத்திரங்களில் என்னென்ன நடக்கிறது என்று அதில் பட்டியலே போட்டிருக்கிறார். எல்லாச் சாதியாருக்கும் சோறு. குழந்தைகளுக்குப் பால். நோயாளிக்கு மருந்து. வழியில் பிரசவ வலி கண்ட பெண்ணுக்குப் பேறுகாலம் பார்ப்பது. எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று. ராத்திரி வெகுநேரம் ஆன பிறகு வாசலில் மணி அடித்து, இன்னும் சாப்பிடாதவர் யாராவது இருக்கிறீர்களா என்று கூப்பிடுவார்கள்.

செலவு? நில வருமானம். உழுதவனின் வியர்வை அந்தச் சோற்றில் அடக்கம்தான். ஆனால், வாசல் தெருவைப் பார்த்துத் திறந்திருந்தது. இதையும் மனதில் வைத்துக்கொண்டு, நேராக ஐரோப்பாவுக்குப் போவோம்.

1950. இரண்டாம் உலகப்போர் முடிந்து ஐந்து வருடம். ஜெரார் பிளிட்ஸ் என்று ஒரு பெல்ஜியக்காரர். வாட்டர் போலோ வீரர். போருக்குப் பிறகு, நாஜி வதைமுகாம்களில் இருந்து உயிரோடு திரும்பியவர்கள் உடம்பும் மனசும் தேற ஒரு மையம் நடத்தியவர். வெயில், தண்ணீர், விளையாட்டு, கூட்டமாக உட்கார்ந்து சாப்பாடு. நொறுங்கிப் போனவர்களைக்கூட இவை நிமிர்த்துகின்றன என்பதை அங்கேதான் கண்டுகொண்டார். எல்லோருக்கும் இதைக் கொடுத்தால் என்ன?

அந்தக் கோடையில் ஸ்பெயினின் மயோர்க்கா தீவில், அல்கூடியா கடற்கரையில் கூடாரங்கள் முளைத்தன. அதுதான் 'கிளப் மெடிட்டரேனியன்'. நாளைய 'கிளப் மெட்'. ஆடம்பரம் எதுவும் கிடையாது. கூடாரமே ராணுவம் கழித்துவிட்ட சரக்கு. கூடாரங்களைக் கொடுத்த ஜில்பேர் திரிகானோ பின்னாளில் நிறுவனத்தையே நடத்தினார். ஒரே கட்டணம், அதற்குள் எல்லாம். பாரில் வாங்கிக் குடிப்பதற்கு மட்டும் தனிக் காசு. கடற்கரையில் பாக்கெட் ஏது? அதனால் கழுத்தில் பாசிமணி மாலையைப் போட்டுக்கொண்டு, மணிகளைக் கழற்றிக் கொடுத்து வாங்கிக் குடிக்கும் முறை வந்தது. பணம் கண்ணிலேயே படக் கூடாது, பட்டால் பணக்காரன், ஏழை என்ற ஞாபகம் வந்துவிடும் என்பது சித்தாந்தம். நல்ல எண்ணம்தான்!

அடுத்த கட்டம் கரீபியனில், ஜமைக்காவில் நடந்தது. 1978-ல் ஜான் இசா என்ற ஹோட்டல்காரர் ஓச்சோ ரியோஸில் 'கப்பிள்ஸ்' தொடங்கினார். ஜோடிகளுக்கு மட்டும் அனுமதி, மதுபானம் உட்பட எல்லாம் அடக்கம். 1981-ல் ஏசி விற்றுக்கொண்டிருந்த புட்ச் ஸ்டூவர்ட், மான்டிகோ பேயில் ஒரு பழைய ஹோட்டலை வாங்கி 'சாண்டல்ஸ்' ஆக்கினார். இரண்டும் பிய்த்துக்கொண்டு ஓடின.

காரணம் என்ன? அப்போது ஜமைக்காவின் அரசியல் கட்சிச் சண்டை துப்பாக்கிச் சண்டையாக மாறியிருந்தது. 1980 தேர்தலை ஒட்டி நூற்றுக்கணக்கானவர்கள் செத்தார்கள். வெளியே போகவே சுற்றுலாப் பயணிக்குப் பயம். வெளியே போகவே வேண்டாம், எல்லாம் உள்ளேயே இருக்கிறது என்றால்? பயத்துக்கு மருந்தாக வந்த மதில் சுவர், பயம் தணிந்த பிறகும் நின்றுவிட்டது. சுவருக்கு வெளியே இளநீர் விற்றவருக்கு வாடிக்கை போயிற்று. போதாததற்கு, 1956-ல் வந்த கடற்கரைச் சட்டம் பொதுமக்களுக்குக் கடற்கரையில் பொது உரிமை எதையும் தரவில்லை. சொந்த ஊர்க் கடலில் கால் நனைக்க ஜமைக்கா மக்கள் இன்னமும் நீதிமன்றப் படி ஏறிக்கொண்டிருக்கிறார்கள்.

ஜமைக்காவில் சுவர் கட்ட வேண்டியிருந்தது. மாலத்தீவில் அந்தச் செலவும் இல்லை. கடலே சுவர்!

1960-களில் மாலத்தீவைப் பார்க்க வந்த ஐ.நா. நிபுணர் குழு, சுற்றுலாவுக்கு இந்தத் தீவுகள் லாயக்கில்லை என்று சொல்லிவிட்டுப் போனது. பெரிய விமான நிலையம் இல்லை. பேங்க் இல்லை. சரியான தொலைபேசி இல்லை. 1971-ல் ஜார்ஜ் கார்பின் என்ற இத்தாலிய டிராவல் ஏஜென்ட் கொழும்புக்கு வந்தார். அங்கே மாலத்தீவுத் தூதரகத்தில் வேலை பார்த்த அகமது நசீமைப் பிடித்து, தீவுகளைப் போய்ப் பார்த்துவிட்டார். அடுத்த பிப்ரவரியில் இத்தாலியர் கூட்டம் ஒன்று வந்து இறங்கியது. 1972 அக்டோபர் 3-ம் தேதி முதல் ரிசார்ட் திறந்தது. பவளக் கல்லும் தென்னை ஓலையும் வைத்துக் கட்டிய 30 அறைகள். பெயர் 'குரும்பா'. திவேஹி மொழியில் இளநீர்க் காய். நம்ம ஊர் 'குரும்பை' ஞாபகம் வருகிறதா?

அந்த வருடம் வந்தவர்கள் சுமார் ஆயிரம் பேர். 2024-ல் வந்தவர்கள் 20 லட்சத்துக்கும் மேல்!

'ஒரு தீவு, ஒரு ரிசார்ட்' என்பது அங்கே பாலிசி. மின்சாரம், குடிநீர், சாக்கடை எல்லாம் அந்தந்த ரிசார்ட்டின் பொறுப்பு. தெருமுனையில் டீக்கடை கிடையாது. ஏனென்றால் தெருவே கிடையாது. 'எல்லாம் அடக்கம்' திட்டத்துக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை.

சரி, பவளப் பாறை மேல் படிந்த மணலில் காய்கறி விளையுமா? இங்கேதான் நம்ம தூத்துக்குடி வருகிறது. வெங்காயமும், உருளைக்கிழங்கும், கட்டுமானச் சரக்கும் தூத்துக்குடியில் இருந்து தோணிகளில் போய்க்கொண்டிருப்பது பழைய கதை. 1981-ல் இந்தியாவும் மாலத்தீவும் போட்ட ஒப்பந்தப்படி, அத்தியாவசியப் பொருள்களுக்குத் தனி ஒதுக்கீடு உண்டு. உள்ளூரில் விலை ஏறி இந்தியா ஏற்றுமதிக்குத் தடை போட்டாலும் இந்த ஒதுக்கீட்டுக்குத் தடை கிடையாது. 2024-25 ஆண்டுக்கு முட்டை மட்டும் 42 கோடிக்கு மேல்! அந்த நாட்டில் வசிப்பவர்களே சுமார் ஐந்து லட்சம் பேர்தான். வகுத்துப் பாருங்கள். கைக்குழந்தை முதல் கிழவர் வரை தலைக்குத் தினம் இரண்டு முட்டைக்கு மேல் வருகிறது. இது உச்சவரம்புதான், அத்தனையும் போயே தீரும் என்று அர்த்தமில்லை. என்றாலும், உங்கள் காலை பஃபேயில் ஆம்லெட் புரளும்போது நாமக்கல்லை ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ளலாம்.

இப்போது கணக்கை எழுதுவோம். எது உள்ளே வந்தது, எது வெளியே நின்றது?

முதலில் வெளியே நின்றது அந்த ஊர் மனுஷன். 1970-களில் மக்கள் வாழும் தீவுகளிலும் பயணிகள் தங்கினார்கள். 1980-களில் அரசாங்கம் அதை மூடிவிட்டது. வெளிநாட்டவர் ரிசார்ட் தீவில், மக்கள் சொந்தத் தீவில். மதுவும் பிகினியும் மார்க்கத்தைக் கெடுத்துவிடும் என்பது சொல்லப்பட்ட காரணம். பலன்? தன் நாட்டின் மிகப் பெரிய தொழிலை, ஊர்க்காரர் ஒன்று வேலையாளாகப் பார்த்தார், இல்லையென்றால் கரையில் நின்று தூரத்து வெளிச்சமாகப் பார்த்தார்.

இரண்டாவது குப்பை. மாலேவுக்குப் பக்கத்தில் திலாஃபுஷி என்று ஒரு காயல். 1992 முதல் குப்பையைக் கொட்டிக் கொட்டி அதைத் தீவாக்கிவிட்டார்கள். தலைநகரின் குப்பையோடு ரிசார்ட் குப்பையும் சேர்ந்து பல வருடம் புகைந்தது. கலர் நோட்டீஸில் அந்தப் படம் இருக்காது.

மூன்றாவது தண்ணீர். 2014 டிசம்பரில் மாலேயின் கடல்நீர்ச் சுத்திகரிப்பு ஆலையில் தீப்பிடித்தது. லட்சத்துக்கும் மேற்பட்ட மக்களுக்குக் குழாயில் சொட்டுத் தண்ணீர் இல்லை. இந்தியா விமானத்திலும் கப்பலிலும் குடிநீர் அனுப்பியது. சுற்றிலும் கடல் இருக்கும் ஊரில் ஒரு டம்ளர் தண்ணீரின் அடக்க விலை என்ன என்று அன்றைக்கு உலகமே பார்த்தது.

நியாயமாக மறுபக்கத்தையும் எழுத வேண்டும். மீனையும் தேங்காயையும் நம்பியிருந்த நாடு, 2011-ல் ஐ.நா.வின் மிகவும் பின்தங்கிய நாடுகள் பட்டியலில் இருந்து வெளியே வந்தது. சுற்றுலாவின் காசு இல்லாமல் அது நடந்திருக்காது. பயணிகளிடம் தலைக்கு இத்தனை டாலர் என்று 2015 முதல் பசுமை வரி வேறு வசூலிக்கிறார்கள். வெளியே நின்ற செலவைக் கொஞ்சமாவது கணக்குக்குள் கொண்டுவரும் முயற்சி.

அதைவிடப் பெரிய மாற்றம் 2009-ல் வந்தது. முதல் பலகட்சித் தேர்தலில் ஜெயித்து வந்த நஷீத் அரசு, மக்கள் வாழும் தீவுகளிலும் விடுதி நடத்தலாம் என்று கதவைத் திறந்தது. சிறைச்சாலைக்குப் பேர் போன மாஃபுஷி தீவு இன்றைக்கு விடுதிகளுக்குப் பேர் போன ஊர். நூற்றுக்கணக்கான தீவு விடுதிகள் வந்துவிட்டன. தொழுகை அழைப்பு கேட்கும். மது கிடைக்காது. பிகினிக்கு என்று தனியாக ஒரு கரை ஒதுக்கியிருப்பார்கள். வீட்டுச் சமையல் மாஸ் மீனும் தேங்காயுமாக இலங்கையை ஞாபகப்படுத்தும். காசு அந்த வீட்டுக்கே போகும்.

ரிசார்ட்டுக்குப் போகாதீர்கள் என்று சொல்ல வரவில்லை. கல்யாணக் களைப்பு தீர நான்கு நாள் பர்ஸைத் திறக்காமல் கிடக்க யாருக்குத்தான் ஆசை இல்லை? தாராளமாகப் போங்கள். பணம் கட்டுவதற்கு முன்னால் ஏஜென்டிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள். ஒரு நாளாவது மக்கள் வாழும் தீவுக்குப் போய்வர இந்தத் திட்டத்தில் வழி இருக்கிறதா?

"சார், அது மட்டும் எக்ஸ்ட்ரா" என்பார். கொடுத்துவிட்டுப் போய் வாருங்கள்.