நாணயமே முதல்

ஏழைக்குக் கடன் கொடுப்போர் எக்காலத்திலும் எந்நாட்டிலும் இருந்திருக்கின்றனர். ஏழையைக் கடனிலிருந்து மீட்க முற்பட்டோரே அரியர். விதைப்புக்கு முன் விதைநெல் வேண்டும்; மழை பொய்த்தால் அடுத்த அறுவடை வரை உணவு வேண்டும்; மகளுக்குச் சீதனம் வேண்டும்; நோய்க்கு மருந்து வேண்டும். இவையெல்லாம் குறித்த நாளில் வந்து நிற்பன. கமக்காரனுடைய வருவாயோ ஆண்டில் ஒரு முறை, அதுவும் வானம் பார்த்து வருவது. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள வெளியிலேதான் வட்டித் தொழில் வேரூன்றி வளர்ந்தது.

வட்டியின் இயல்பைச் சிறிது கணக்கிட்டுப் பார்த்தல் வேண்டும். நூறு ரூபா கடன் வாங்கியவன், மாதம் ஒன்றுக்கு ரூபாவுக்கு 2 சதம் வட்டி கொடுக்கிறான் என்று கொள்வோம். ரூபாவுக்கு இரண்டு சதந்தானே என்று அது அற்பமாகத் தோன்றும். ஆனால் மாதந்தோறும் அவன் 2 ரூபா கொடுத்துக்கொண்டேயிருந்தால், ஆயுள் முடியுமட்டும் கொடுத்தாலும் முதலில் ஒரு சதமேனும் குறையாது. ஒரு ரூபாவைக் கூட்டி மாதம் 3 ரூபாவாகக் கொடுத்தால் ஏறக்குறைய 56 மாதங்களிற் கடன் தீரும். அதற்குள் அவன் கொடுத்த தொகை 166 ரூபாவளவில் ஆகிவிடும். வட்டி ஒரு சதமாக இருந்து, அதே 3 ரூபாவைக் கொடுத்து வந்தால், 41 மாதங்களில் 122 ரூபாவளவில் விடுதலை கிட்டும். கடனாளியின் உழைப்பு இரண்டிலும் ஒன்றே. அவ்வுழைப்பு எவர் கைக்குப் போய்ச் சேருகின்றது என்பதிலேதான் வேற்றுமை.

யாழ்ப்பாணத்துப் பழைய வழக்கில் ஒற்றி என்னும் ஈட்டு முறை ஒன்றுண்டு. ஒல்லாந்தர் ஆட்சியில் 1707ஆம் ஆண்டளவில் எழுத்தில் வடிக்கப்பெற்ற தேசவழமையில் அதற்கு விதிகள் கூறப்பட்டுள்ளன. கடன் வாங்கியவன் தன் காணியைக் கடன் கொடுத்தவன் கையில் ஒப்படைப்பான். வட்டிக்கு ஈடாக விளைவை அவன் அனுபவிப்பான். முதலைத் திருப்பிக் கொடுத்தாற் காணி மீளும். முறை நேர்மையானதே. ஆயினும், விளைநிலத்தைப் பிறர் கையில் விட்டவன் முதலைத் தேடுவது எங்ஙனம்? நகையை அடைவு வைத்தவனுக்கும் இதே இடர்ப்பாடுதான். கடன்பட்டவனிடம் கடனைத் தீர்ப்பதற்கு வேண்டிய கருவியே இல்லாமற்போவது கடனின் மிகப் பெரிய கொடுமை.

இந்தச் சுழலிலிருந்து வெளியேற ஒரு வழியைக் கண்டவர் ஜேர்மனி நாட்டிற் பிறந்த பிரீட்ரிக் வில்ஹெல்ம் ரைபைசன். அவர் 1818ஆம் ஆண்டு மார்ச்சு 30ஆம் நாள் சீக் நதிக்கரையிலுள்ள ஹம் என்னும் சிற்றூரிற் பிறந்தார். இளமையிலேயே தந்தையை இழந்தார். படையிற் சேர்ந்து பணியாற்றியபோது கண்நோய் கண்டமையால் அத்தொழிலை விட்டு நீங்கினார். 1845இல் வையர்புஷ் என்னும் கிராமத் தொகுதிக்கு நகரபிதாவாக நியமனம் பெற்றார். அடுத்த ஆண்டிலேயே விளைவு பொய்த்துப் பஞ்சம் வந்தது. 1846ஆம் ஆண்டிலும் 1847ஆம் ஆண்டிலும் மக்கள் பசியால் வாடினர். ரைபைசன் வசதியுள்ளோரைக் கூட்டி நிதி திரட்டினார், மா வாங்கினார், ஊருக்குப் பொதுவான வெதுப்பகம் ஒன்றை அமைத்தார். பணமில்லாதவர்க்குப் பின்னர் கொடுக்கலாம் என்ற நம்பிக்கையின் பேரில் பாண் வழங்கப்பட்டது.

பஞ்சம் நீங்கிற்று, கடன் நீங்கவில்லை. 1848இல் பிளாமர்ஸ்பெல்ட் என்னும் இடத்துக்கு மாற்றம் பெற்ற ரைபைசன், அங்கே வேறொரு துன்பத்தைக் கண்டார். மாடு வாங்க வழியற்ற குடியானவர்க்கு வணிகர் மாட்டைக் கடனாகக் கொடுப்பர். தவணை தவறினால் மாடும் போகும், நிலமும் போகும். 1849இல் அவர் ஒரு துணைச் சங்கம் நிறுவி, மாடுகளைத் தாமே வாங்கிச் சில ஆண்டுத் தவணையில் ஏழைக் குடியானவர்க்குக் கொடுப்பித்தார். பின்னர் ஹெடெஸ்டோர்ப் என்னும் ஊரில் 1854இல் தரும சங்கம் ஒன்றை அமைத்தார். இவையெல்லாம் செல்வர் ஈந்த நிதியையும் பிணையையும் ஆதாரமாகக் கொண்டவை. சில காலம் சென்றதும் செல்வரின் ஊக்கம் தளர்ந்தது. உதவி பெற்றோர்க்கும் அச்சங்கம் தமது என்ற எண்ணம் தோன்றவில்லை.

ஈகை எத்துணை உயர்ந்ததாயினும் அது கடனாளியை நிமிர்ந்து நிற்கச் செய்யாது என்பதை இவ்வனுபவம் அவருக்குக் கற்பித்தது. எனவே, 1864இல் ஹெடெஸ்டோர்பிற் புதியதொரு கடன் சங்கம் உருவாயிற்று. கடன் வேண்டுவோர் தாமே அதன் அங்கத்தவராதல் வேண்டும். கொடுப்பவரும் பெறுபவரும் அவர்களே. 1866இல் தாம் கண்ட முறையை விளக்கி ரைபைசன் ஒரு நூலை வெளியிட்டார். கண்பார்வை மிகவும் மங்கிப்போன பிற்காலத்தில் அவருடைய மகள் அமாலியா எழுத்துப் பணிகளில் அவருக்குத் துணை நின்றார். 1888ஆம் ஆண்டு மார்ச்சு 11ஆம் நாள் அவர் மறைந்தபோது, அவர் வகுத்த முறையில் நூற்றுக்கணக்கான சங்கங்கள் இயங்கிக்கொண்டிருந்தன.

அம்முறையின் நுட்பம் யாது? ஒரு சங்கத்தின் எல்லை ஒரு சிற்றூரளவே. அங்கே எவன் உழைப்பாளி, எவன் குடிகாரன், எவன் சொன்ன சொற் காப்பான் என்பது எல்லார்க்கும் தெரியும். சங்கம் வெளியில் வாங்கும் கடனுக்கு அங்கத்தவர் அனைவரும் தமது உடைமை முழுவதாலும் பொறுப்பாளிகள். தனித்தனியே நின்றால் எவரும் நம்பிக் கடன் கொடாத நூறு ஏழைகள், ஒருவர்க்கொருவர் பிணையாக நின்றபோது நம்பத்தக்கவராயினர். உழவுக்கும் மாட்டுக்கும் கருவிக்கும் கடன் உண்டு, ஆடம்பரத்துக்கு இல்லை. வாங்கிய கடன் குறித்த காரியத்துக்கே செலவாகிறதா என்று அயலவரே கவனிப்பர். நிருவாகிகள் ஊதியம் பெறார். ஆதாயம் பங்கிடப்படாது பொது ஒதுக்கு நிதியிற் சேரும். அத்துடன், கடன் வாங்கியவனே சிறு தொகையை வைப்பிலிடவும் பழகுவான். கடன் தீருந்தோறும் சேமிப்பு வளரும். சேமிப்பு வளருந்தோறும் அடுத்த கடனின் தேவை குறையும். இதே காலத்தில் டெலிட்ச் நகரில் ஷுல்ட்ஸே என்பவர் கைவினைஞர்க்கும் சிறு வணிகர்க்கும் 1850இல் தொடங்கிய சங்க முறையோ பங்குப் பணத்தை அடிப்படையாகக் கொண்டு நகரத்துக்கு ஏற்றதாயிற்று.

ரைபைசனின் கருத்து கடல் கடந்து தமிழகத்தை அடைந்தது. சென்னை அரசாங்கத்தின் ஏவலாற் சேர் பிரடெரிக் நிக்கொல்சன் ஐரோப்பியக் கடன் சங்கங்களை ஆராய்ந்து, 1895ஆம் ஆண்டிலும் 1897ஆம் ஆண்டிலும் இரு பகுதிகளாக அறிக்கை வெளியிட்டார். சட்டங்களும் பணமும் மட்டும் போதா. ரைபைசனைப் போன்ற ஒருவர் ஊர்தோறும் தோன்றுதல் வேண்டும் என்பதே அவ்வறிக்கையின் சாரம். 1904இல் இந்தியாவிற் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் நிறைவேறிற்று. அவ்வாண்டிலேயே காஞ்சிபுரத்தில் நகரக் கூட்டுறவு வங்கி தோன்றியது.

இலங்கையிற் சேமிப்புக்கு அதற்கு முன்னரே நிலையங்கள் இருந்தன. 1832இல் இலங்கைச் சேமிப்பு வங்கியும், 1885இல் அஞ்சல் அலுவலகச் சேமிப்பு வங்கியும் நிறுவப்பட்டன. கிராமத்தவனுடைய சிறு பணத்தை அவை பத்திரமாகக் காத்தன. ஆனால், இடர் வந்தபோது அவனுக்குக் கடன் கொடுப்பது அவற்றின் தொழிலன்று. அதற்கு அவன் மீண்டும் வட்டிக்காரனுடைய வாயிலையே நாட வேண்டியிருந்தது. இக்குறையை நீக்கக் கண்டிப் பகுதியிலுள்ள தெல்தெனியாவில் 1906இல் ஒரு கடன் சங்கம் தோன்றிற்று. 1911ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் இத்தகைய சங்கங்களுக்குச் சட்ட உரிமை வழங்கியது. 1930இற் கூட்டுறவுக்கெனத் தனித் திணைக்களமும் அமைந்தது.

தமிழ்ப் பகுதிகளில் இச்சங்கங்கள் பெற்ற பெயர் கருதத்தக்கது. ஐக்கிய நாணய சங்கம் என்றே மக்கள் அவற்றை அழைத்தனர். நாணயம் என்னும் தமிழ்ச் சொல் காசையும் குறிக்கும், நேர்மையையும் குறிக்கும். காணியை ஈடாகக் கேளாது மனிதனுடைய வாக்கை ஈடாகக் கொள்ளும் நிறுவனத்துக்கு இதனினும் பொருத்தமான பெயர் வாய்த்தல் அரிது. யாழ்ப்பாணத்தில் இவ்வியக்கம் விரைந்து வேரூன்றியது. 1929இல் அங்கே கூட்டுறவு வங்கி ஒன்று எழுந்து, ஊர்ச் சங்கங்களுக்குப் பணம் வழங்கும் தாய் நிலையமாயிற்று. புகையிலைச் செய்கையாளர் தமது விளைவைச் சேர்ந்து விற்கச் சங்கம் அமைத்தனர். 1930களில் மூளாயிற் கூட்டுறவு முறையில் மருத்துவமனையும் தோன்றியது. கடனுக்கெனக் கூடியவர்கள், கடனுக்குக் காரணமானவற்றையும் ஒவ்வொன்றாகக் களைய முற்பட்டனர் என்பதை இவை காட்டும்.

இவ்வழக்கம் தமிழர்க்கு முற்றிலும் புதியதன்று. உலையிலிடும் அரிசியில் ஒரு பிடியை நாள்தோறும் வேறு பானையில் இட்டுவைக்கும் பழக்கம் இல்லங்களில் இருந்தது. அயற்பெண்கள் கூடிச் சீட்டுப் பிடித்தலும் இருந்தது. ஒரு பிடி அரிசி குறைவதால் அன்றைய சோறு குறைவதில்லை. மாத முடிவிலோ அது ஒரு நாளைய உணவாகித் திரண்டு நிற்கும். ஐக்கிய நாணய சங்கம் இந்தப் பழக்கத்துக்குக் கணக்குப் புத்தகத்தையும், கூட்டக் குறிப்பையும், சட்டத்தின் காவலையும் சேர்த்தது.

பின்வந்த வரலாறு நேர்கோட்டில் அமையவில்லை. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் உணவுப் பங்கீட்டுக்காகக் கூட்டுறவுப் பண்டகசாலைகள் பெருகின. கடன் சங்கங்கள் பின்னுக்குத் தள்ளப்பட்டன. 1957ஆம் ஆண்டு முதல் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்கள் அமைக்கப்பட்டு, அரசாங்கப் பணம் அவற்றின் வழியாகக் கமக்காரர்க்குக் கடனாகச் சென்றது. நோக்கம் நல்லதே. ஆனால் அப்பணம் அயலவனுடைய சேமிப்பன்று. திருப்பிக் கொடாதவனால் இழப்படைபவன் கண்முன் இல்லை. எனவே நிலுவைகள் குவிந்தன. தன் ஊரவனுடைய பணத்தைத் திருப்பிக் கொடுக்க நாணிய மனிதன், தொலைவிலிருந்து வந்த பணத்தைத் திருப்பிக் கொடுக்க மறந்தான்.

சங்கங்கள் பல உறங்கிக் கிடந்த காலத்தில், 1978இற் கேகாலை மாவட்டத்து வல்கம கிராமத்தில் பி. ஏ. கிரிவந்தெனிய என்பார் சிக்கன கடனுதவு கூட்டுறவுச் சங்கத்துக்குப் புத்துயிர் அளித்தார். அதிலிருந்து சணச இயக்கம் நாடெங்கும் பரவியது. வெளிப்பணத்தை எதிர்பாராது, அங்கத்தவர் சேமிப்பையே அடித்தளமாகக் கொண்டமை அதன் வலிமை. சேமிப்பு நிலையங்களிலும் மாற்றம் நிகழ்ந்தது: 1971ஆம் ஆண்டின் சட்டத்தின்படி பழைய சேமிப்பு வங்கிகள் இணைக்கப்பட்டு, 1972இல் தேசிய சேமிப்பு வங்கி தொழிற்படத் தொடங்கியது.

உள்நாட்டுப் போர் 2009இல் முடிந்தபின், நுண்கடன் நிறுவனங்கள் வடக்கிலும் கிழக்கிலும் வீடு தேடிச் சென்றன. அவையும் பெண்களைக் குழுக்களாகச் சேர்த்தன. ஒருவர்க்கொருவர் பிணை நிற்கச் செய்தன. வெளித்தோற்றத்தில் ரைபைசன் முறை போலவே இருந்தது. ஆயினும் உயிர்நாடியான மூன்று அதில் இல்லை. ஆதாயம் ஊரில் தங்கவில்லை. கடன் எதற்கென்று கேட்பார் இல்லை. வட்டியைத் தீர்மானிக்கும் உரிமை பெறுபவரிடம் இல்லை. ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் வாங்கும் நிலை பல குடும்பங்களுக்கு நேர்ந்தது. 2018இல் அரசாங்கம் தலையிட்டு, வறட்சியால் வாடிய மாவட்டங்களிற் பெண்கள் பெற்ற நுண்கடன்களிற் குறித்த தொகைக்கு உட்பட்டவற்றைத் தீர்க்கத் திட்டம் வகுக்க வேண்டியதாயிற்று. பிணை என்பது தோழமையாகவும் இருக்கலாம், தளையாகவும் இருக்கலாம் என்பதற்கு இது சான்று.

இவ்வரலாற்றினூடே சில உண்மைகள் தெளிவாகின்றன. வட்டிக்கு மேல் முதலிலும் ஒரு சிறு பகுதியைத் தவறாது அடைத்தாலன்றிக் கடன் தேயாது. கடன் முற்றும் தீர்ந்த பின்னரே சேமிப்போம் என்று காத்திருப்பவன், அடுத்த நோய்க்கும் அடுத்த வறட்சிக்கும் மீண்டும் கடன்படுவான். ஆதலால் சிறிதளவேனும் இரண்டும் உடன் நிகழ்தல் வேண்டும். தனி ஒருவனுக்கு இயலாத இவ்வொழுங்கு, தன்னை அறிந்த பத்துப் பேர் கூடும்போது இயலும்.

கூட்டுறவுச் சங்கங்களின் எண்ணமும் செயலும் 2016இல் யுனெஸ்கோவின் மானிட மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றன. பசித்தோர்க்குப் பாண் சுடத் தொடங்கிய ஒரு கிராம நகரபிதாவின் முயற்சி உலகின் உடைமையாயிற்று. அதற்கு அவர் இட்ட முதல் பொன்னுமன்று, பூமியுமன்று; ஏழையின் வாக்கும் நம்பத்தக்கதே என்னும் துணிபு.