மறக்கத் தெரிந்த கம்பைலர்

ஆண்ட்ராய்டின் மூல நிரல் முழுவதையும் கம்பைல் செய்ய 64 ஜிபி ரேம் வேண்டும் என்கிறது கூகுளின் வழிகாட்டுதல். 1962இல் டென்மார்க்கில் பீட்டர் நவுரும் அவருடைய குழுவினரும் கியர் என்ற கணினிக்கு அல்கால் கம்பைலர் எழுதியபோது அவர்களுக்குக் கிடைத்த உள் நினைவகம் 1,024 சொற்கள். ஒரு சொல்லுக்கு 42 பிட் என்று கணக்கிட்டால் ஆறு கிலோபைட்டைக்கூட எட்டாது. இந்த இரண்டு எண்களையும் பக்கம் பக்கமாக வைத்துப் பார்ப்பவர்கள், அன்றைக்கு இருந்தவர்கள் சிக்கனக்காரர்கள், இன்றைக்கு இருப்பவர்கள் ஊதாரிகள் என்று சட்டென்று தீர்ப்பெழுதிவிடுகிறார்கள். கம்பைலர்களின் வரலாறு அந்தத் தீர்ப்பை ஆதரிக்கவில்லை. கம்பைலர் எழுதியவர்கள் முன்னால் எந்தக் காலத்திலும் நின்ற கேள்வி ஒன்றுதான்: ஒரு நிரலை மொழிமாற்றும்போது எதை நினைவில் வைத்திருப்பது, எதை எப்போது கைவிடுவது? இதற்குக் கவனமாக விடை தேடிய இடங்களில் சிறிய நினைவகமும் போதுமானதாக இருந்தது. கேள்வியைத் தள்ளிப்போட்ட இடங்களில் பெரிய நினைவகமும் பற்றவில்லை.

கியர் கணினியில் உள் நினைவகத்துக்குத் துணையாக 12,800 சொற்கள் கொண்ட காந்த உருளை ஒன்று இருந்தது. நவுரின் குழு கம்பைலரை ஒன்பது கட்டங்களாகப் பிரித்தது. ஒரு கட்டம் தன் வேலையை முடித்து விளைவை உருளையில் எழுதிவிட்டு நினைவகத்தைக் காலி செய்யும். அடுத்த கட்டம் அந்த விளைவைப் படித்துக்கொண்டு உள்ளே வரும். ஐபிஎம் 1401க்கான ஃபோர்ட்ரான் கம்பைலர் இதே சிந்தனையை அதன் எல்லைக்கே கொண்டுசென்றது. 8,000 எழுத்து நினைவகத்தில் இயங்க வேண்டிய அந்தக் கம்பைலருக்கு 63 கட்டங்கள். நிரல் நினைவகத்திலேயே இருக்கும். கம்பைலரின் துண்டுகள்தான் ஒவ்வொன்றாக உள்ளே வந்து, நிரலில் தமக்குரிய மாற்றத்தைச் செய்துவிட்டு, அடுத்த துண்டுக்கு இடம் விட்டு அழியும். மொழிமாற்றும் கருவியும் மொழிமாறும் நிரலும் முழுதாக ஒரே நேரத்தில் உள்ளே இருந்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்பதை இந்த இரண்டு கம்பைலர்களும் நிரூபித்தன.

அப்படியானால் பழைய வழிக்கே திரும்பிவிடலாமே என்று கேட்பவர்கள், அந்தச் சிக்கனத்தின் விலையைக் கொடுத்தது யார் என்பதையும் பார்க்க வேண்டும். 1970களின் தொடக்கத்தில் பெல் ஆய்வகத்தில் டென்னிஸ் ரிட்சி சி மொழியை உருவாக்கிய பிடிபி-11 கணினி 24 கிலோபைட் நினைவகத்தோடுதான் வந்திருந்தது. சி மொழிக்கு முன்னோடியான பி மொழியின் கம்பைலர், நிரலை மேலிருந்து கீழாக ஒரே முறை படித்து, முடிந்தவரை உடனுக்குடன் விளைவை வெளியேற்றிவிடும். அதற்காக வளைத்த இலக்கணம் சி மொழிக்கும் வந்து சேர்ந்தது. ஒரு பெயரைப் பயன்படுத்துவதற்கு முன்பே அறிவித்துவிட வேண்டும் என்ற விதியை ஐம்பது ஆண்டுகளாக நிரலாளர்கள் சுமந்துவருவதற்கு அந்தக் காலத்து நினைவகமும் ஒரு காரணம். 1983இல் ஆண்டர்ஸ் ஹெல்ஸ்பெர்க் எழுதி வெளிவந்த டர்போ பாஸ்கல், எடிட்டரையும் கம்பைலரையும் சேர்த்தே 40 கிலோபைட்டுக்குள் அடங்கியது. அதன் வேகம் அக்காலத்தவரை அசத்தியது. ஆனால் முதல் பிழையைக் கண்டதும் அது நின்றுவிடும். அதைத் திருத்திய பிறகுதான் அடுத்த பிழை தெரியவரும். இயந்திரம் நினைவில் வைக்காததையெல்லாம் மனிதர் நினைவில் வைக்க வேண்டியிருந்தது. அந்தச் சுமையை இயந்திரத்துக்கு மாற்றியதை வீண்செலவு என்று சொல்ல முடியாது.

சுமையை மாற்றியதோடு நின்றிருந்தால் வம்பில்லை. எதையும் கைவிடாமல் சேர்த்து வைக்கும் பழக்கமும் கூடவே வந்தது. ரிச்சர்ட் ஸ்டால்மன் குனூ திட்டத்தைத் தொடங்கியபோது முதலில் எடுத்துக்கொண்டது, லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகத்தில் உருவான பாஸ்டல் என்ற கம்பைலர். அதற்கு ஸ்டாக் இடமாகவே பல மெகாபைட் தேவைப்பட்டது. அவருக்குக் கிடைத்த 68000 யூனிக்ஸ் கணினி தந்ததோ 64 கிலோபைட். காரணத்தைத் தேடியவர் கண்டது இது: பாஸ்டல் கோப்பு முழுவதையும் படித்து ஒரே மரமாக்கும், மரம் முழுவதையும் கட்டளைகளாக்கும், அதன்பின் வெளியீடு முழுவதையும் எழுதும், இடையில் எந்த நினைவகத்தையும் விடுவிக்காது. அதைக் கைவிட்டு அவர் புதிதாக எழுதிய கம்பைலர்தான் 1987இல் வெளிவந்த ஜிசிசி. இன்றைக்கு உலகெங்கும் புழங்கும் கம்பைலர் ஒன்றின் பிறப்புக்கே, மறக்கத் தெரியாத இன்னொரு கம்பைலர் காரணமாக இருந்திருக்கிறது.

குற்றம் கம்பைலருடையது அன்று, அதற்குள் திணிக்கப்படும் நிரல்களுடையது என்பது இன்னொரு வாதம். அதில் நியாயம் உண்டு. சி++ மொழியில் திரையில் ஒரு வரியை அச்சிடும் ஐந்தே வரி நிரல் ஒன்றை எழுதுவோம். அது ஐயோஸ்ட்ரீம் என்ற ஹெட்டரை அழைத்தால், கம்பைலரின் முன் வந்து நிற்பது இருபதாயிரம் வரிகளுக்கும் மேல். ஆயிரம் கோப்புகள் அந்த ஹெட்டரை அழைத்தால் ஆயிரம் முறையும் அதே வரிகளைப் படித்தாக வேண்டும். டெம்ப்ளேட் ஒன்று பத்து வகைத் தரவுகளுக்குப் பயன்பட்டால் பத்துப் பிரதிகள் உருவாகும். இத்தகைய கோப்புகள் எட்டை ஒரே நேரத்தில் கம்பைல் செய்யச் சொன்னால், ஒவ்வொன்றும் ஒன்றிரண்டு ஜிபியைக் கேட்க, லினக்ஸ் கெர்னல் வேறு வழியின்றி ஒரு கம்பைலரைக் கொன்றுவிடும். திரையில் எஞ்சுவது ‘கில்ட்’ என்ற ஒற்றைச் சொல். நிரலில் எந்த வரி தவறு என்று தேடினால் எதுவும் அகப்படாது. இங்கே மொழியின் வடிவமைப்புக்கும் நிரலாளரின் பழக்கத்துக்கும் பங்கு இருப்பதை மறுக்க முடியாது. ஆனாலும் அந்த வாதம் எல்லாவற்றையும் விளக்கிவிடுவதில்லை என்பதற்கு ஃபயர்ஃபாக்ஸ் உலாவியின் கதை சான்று.

2011 டிசம்பரில் விண்டோஸுக்கான ஃபயர்ஃபாக்ஸை முழு மேம்படுத்தலோடு இணைக்கும் வேளையில், கம்பைல் ஆன துண்டுகளை ஒன்றாகச் சேர்க்கும் 32 பிட் லிங்கர் தன்னுடைய 3 ஜிபி முகவரி எல்லையை முட்டி நின்றது. திட்டத்தில் புதிய மாற்றங்களை ஏற்பதையே மொசில்லா நிறுத்திவைக்க நேர்ந்தது. ரேம் மலிவு, வாங்கிப் போட்டால் தீர்ந்தது என்பவர்களுக்கு இது நேரடியான பதில்: அங்கே குறைபட்டது முகவரி, எத்தனை ரேம் வாங்கினாலும் அந்த லிங்கரால் அதைத் தொட முடியாது. 64 பிட் விண்டோஸுக்கு மாறியதில் அந்த லிங்கருக்கு 4 ஜிபி வரை கிடைத்தது. அது தவணைதான், தீர்வல்ல. அதே காலத்தில் ஜிசிசி குழுவினர் வேறு பாதையில் சென்றார்கள். நிரல் முழுவதையும் ஒன்றாகப் பார்த்து மேம்படுத்தும் வசதி 2010இல் ஜிசிசி 4.5இல் வந்தது. அந்த வழியில் 64 பிட் கணினியில் ஃபயர்ஃபாக்ஸை இணைக்க 8 ஜிபிக்கு மேல் தேவைப்பட்டிருந்தது, 2012இன் 4.7 பதிப்பில் 3 ஜிபி போதும் என்றானது. பிழைதேடும் தகவல்களோடு கட்டும்போது எகிறிய 15 ஜிபி, 2014இன் 4.9 பதிப்பில் 3.5 ஜிபியாக இறங்கியது. 1,700 விநாடி எடுத்த இணைப்பு 350 விநாடியில் முடிந்தது. உலாவியை யாரும் சுருக்கிவிடவில்லை. ஒரே வகைத் தகவல்களைச் சேர்த்து ஒன்றாக்கும் முறையைத் திருத்தி எழுதினார்கள். ஃபங்ஷன்களின் உடலைத் தேவைப்படும்போது மட்டும் ஏற்றி, வேலை முடிந்ததும் விடுவித்தார்கள். காந்த உருளைக்கு முன்னால் அமர்ந்து நவுர் செய்ததும் அடிப்படையில் இதைத்தான்.

இதை நிறுவனங்களின் மின்கட்டணப் பிரச்சினையாக மட்டும் பார்க்கக் கூடாது. கட்டற்ற மென்பொருள் நமக்குத் தரும் உரிமைகளில் முக்கியமானது, நிரலைத் திருத்தி நாமே பயன்படுத்தும் உரிமை. திருத்திய நிரலைக் கம்பைல் செய்ய முடியாத கணினியை வைத்திருப்பவருக்கு அந்த உரிமை காகிதத்தில்தான் இருக்கிறது. 8 ஜிபி மடிக்கணினியோடு இருக்கும் ஒரு மாணவியால் உலாவியின் மூல நிரலைப் படிக்க முடியும். மாற்றிப் பார்க்க முடியாது என்றால், அடுத்த தலைமுறையில் அதைப் பராமரிக்கப் போகிறவர்கள் யார் என்பதைக் கணினியின் விலை தீர்மானிக்கும். ஆகவே ஒரு கம்பைலரின் புதிய பதிப்பு வரும்போது அது உருவாக்கும் நிரலின் வேகத்தை அளப்பதுபோல, அது கேட்கும் நினைவகத்தின் உச்சத்தையும் அளந்து, கூடினால் அதைப் பிழையாகவே பதிந்து திருத்த வேண்டும். முடியாத வேலை என்று யாராவது சொன்னால், 15 ஜிபி 3.5 ஜிபியாக இறங்கிய கணக்கை அவர்கள் முன் வைக்கலாம்.