மஞ்சள் கேள்விக்குறி

கள்ளக்குறிச்சி மாவட்டத்தில், கல்வராயன்மலை வட்டத்தின் தலைமையிடம் வெள்ளிமலை. சுற்றியுள்ள ஊர்களில் பெரும்பாலும் மலையாளிப் பழங்குடிகள். பெயரைப் பார்த்துக் கேரளத்துக்காரர்கள் என்று நினைத்துவிட வேண்டாம். காஞ்சிபுரத்திலிருந்து மலையேறி வந்தவர்கள் நாங்கள் என்பதுதான் அவர்கள் வழிவழியாகச் சொல்லும் கதை. இங்கிருந்து கல்லூரிக்குக் கிளம்பும் பிள்ளையின் பையில் மதிப்பெண் பட்டியலுக்கு நிகரான இன்னொரு காகிதம் இருக்கும்: பழங்குடிச் சாதிச் சான்றிதழ்.

இப்போது அது இ-சேவை வழியே பிடிஎஃப் கோப்பாக வருகிறது. கோட்டாட்சியரின் கையெழுத்து மையில் இல்லை, எண்களில் இருக்கிறது. அந்தக் கோப்பை அடோபி ரீடரில் திறந்தால், கையெழுத்தின் மேல் பல நேரம் ஒரு மஞ்சள் கேள்விக்குறி நிற்கும். ‘செல்லுபடி தெரியவில்லை’ என்று ஒரு வரியும் கூடவே வரும். மென்பொருளைப் பற்றித் தெரியாத ஒருவர் அதை எப்படிப் படிப்பார்? ‘இது டூப்ளிகேட் போலிருக்கே’ என்றுதான்.

சான்றிதழ்களோடு மல்லுக்கட்டுவது என் பிழைப்பில் ஒரு பகுதி. அதற்கு நாங்கள் அதிகம் நம்பியிருக்கும் மென்பொருள் ஓப்பன்எஸ்எஸ்எல். 1990களின் நடுவில் ஆஸ்திரேலியர்களான எரிக் யங்கும் டிம் ஹட்சனும் எழுதிய எஸ்எஸ்எல்ஈ என்ற நிரலிலிருந்து 1998இல் கிளைத்தது. உலகின் பெரும்பகுதி இணையம் இதன் மேல்தான் ஓடுகிறது. இதன் பிழைச் செய்திகள் சுருக்கமானவை. எண் 10 என்றால் சான்றிதழ் காலாவதி. எண் 19 என்றால், தனக்குத் தானே கையெழுத்திட்டுக்கொண்ட ஒன்று சங்கிலியில் இருக்கிறது, அதை இந்தக் கணினி நம்பவில்லை. எண் 20தான் அடிக்கடி வருவது: சான்றிதழை வழங்கியவரின் சான்றிதழ் இங்கே என்னிடம் இல்லை.

எண் 20ஐ நிதானமாகப் படிக்க வேண்டும். அது ‘இது பொய்’ என்று சொல்லவில்லை. ‘இவருக்கு மேலே இருப்பவர் யாரென்று எனக்குத் தெரியாது’ என்கிறது. குறை சான்றிதழில்கூட இல்லாமல் இருக்கலாம், சரிபார்ப்பவரின் பெட்டியில் இருக்கலாம். மஞ்சள் கேள்விக்குறியும் பெரும்பாலும் இதே சேதிதான்.

மேலே இருப்பவர் யார் என்ற கேள்வி நமக்குப் புதிதல்ல. திருவாலங்காட்டுச் செப்பேடுகள் மொத்தம் 31. அவற்றை ஒரு வளையத்தில் கோத்து, வளையத்தின் இணைப்பில் ராஜேந்திர சோழனின் முத்திரையை வைத்தார்கள்: புலி, இரட்டை மீன், வில். வளையத்தை வெட்டாமல் நடுவில் ஒரு ஏட்டைச் செருக முடியாது. ஆவணம் மாறவில்லை என்பதற்கு வளையம், தந்தவர் யார் என்பதற்கு முத்திரை. சோழர் செப்பேடுகளில் அரசன் வாயால் சொன்னதைக் கேட்டு எழுதிய அதிகாரி, அதை ஒப்பிய மேலதிகாரிகள் என்று வரிசையாகப் பெயர்கள் வரும். ஆனால் முத்திரைக்கு மேல் முத்திரை கிடையாது. அரசனை நம்பினால் ஏட்டை நம்பலாம், அவ்வளவுதான்.

கல்வராயன் மலையும் இப்படி ஒரு மானியத்தின் பேரில் ஆளப்பட்ட நிலம். சடையக் கவுண்டர், குரும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் என்று மூன்று ஜாகீர்கள். உரிமையைக் கிருஷ்ணதேவராயரே தந்தார் என்பது மரபு. 1976இல் அரசு நிர்வாகம் நேரடியாக வந்தது. மலைவாசிகளுக்கு அன்று மாறியது சங்கிலியின் உச்சிதான். அதுவரை யார் சொன்னால் செல்லும் என்றிருந்ததோ அது போய், வட்டாட்சியரின் ரப்பர் முத்திரை வந்தது.

அதுவும் நிலைக்கவில்லை. தமிழ்நாட்டில் 1989 நவம்பர் 11 வரை வட்டாட்சியர் தந்த பழங்குடிச் சான்றிதழ் செல்லும். அதற்குப் பிறகு கோட்டாட்சியர் தந்தால்தான் செல்லும். அப்பாவின் சான்றிதழில் எந்தத் தேதி என்பதைப் பொறுத்து ஒரு குடும்பத்தின் கதை மாறும். எங்கள் தொழிலிலும் இதே சிக்கல் உண்டு. ஒருவரின் அதிகாரத்தை ரத்து செய்தபின், அவர் முன்பு போட்ட கையெழுத்துகளை என்ன செய்வது? அதற்காகத்தான் கையெழுத்தோடு நம்பகமான நேர முத்திரையும் வேண்டும் என்கிறோம்.

எண்வழிக் கையெழுத்துக்குச் சட்ட மதிப்புக் கொடுத்தது தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000. அந்த ஆண்டு அக்டோபர் 17இல் நடைமுறைக்கு வந்தது. சான்றளிக்கும் நிறுவனங்களுக்கு உரிமம் தர ஒரு கட்டுப்பாட்டாளர், அவர் கையில் இந்தியாவின் வேர்ச் சான்றிதழ். அந்த வேருக்குக் கையெழுத்திட்டது யார்? அதுவேதான். எந்த வேரை நம்புவது என்பதைக் கணக்கு தீர்மானிப்பதில்லை. மைக்ரோசாஃப்ட், மொசில்லா, அடோபி என்று ஒவ்வொருவரும் தனித்தனிப் பட்டியல் வைத்திருக்கிறார்கள்.

பட்டியல்காரர்கள் கறாராக இருப்பதற்குக் காரணமும் உண்டு. 2014 ஜூலை 2ஆம் தேதி, கூகுளின் தளங்கள் பேரில் கூகுள் கேட்காத சான்றிதழ்கள் உலவுவது தெரியவந்தது. வழங்கியது நம் தேசியத் தகவலியல் மையம். அதன் இடைநிலைச் சான்றிதழ்களுக்கு மேலே இந்திய வேர். அந்த வேர் விண்டோஸின் பட்டியலில் இருந்ததால், அதை நம்பி ஓடிய உலாவிகளும் இந்தப் போலிகளை ஏற்றிருக்கும். தனிப் பட்டியல் வைத்திருந்த ஃபயர்பாக்ஸ் தப்பியது. மறுநாளே கட்டுப்பாட்டாளர் இடைநிலைச் சான்றிதழ்களை ரத்து செய்தார். தவறாக வழங்கப்பட்டவை நான்கு மட்டுமே என்று விசாரணை சொன்னது. அந்த நான்கில் சேராதவையும் தன் கண்ணில் பட்டிருப்பதாகக் கூகுள் சொன்னது. இந்திய வேரைக் குரோமில் சில களப்பெயர்களுக்கு மட்டுமே செல்லும்படி சுருக்கிவிட்டது.

கையெழுத்து சரி என்றாலே உள்ளே இருப்பது உண்மை என்றாகிவிடாது. 2014 காட்டியது இதைத்தான். சாதிச் சான்றிதழில் இதை உச்சநீதிமன்றம் 20 ஆண்டுகள் முன்பே எதிர்கொண்டது. 1994இல் மாதுரி பாட்டீல் வழக்கில், சான்றிதழ்களை ஆராய மாநிலந்தோறும் குழு அமைக்கச் சொன்னது. அலுவலர்கள் ஊருக்கே போய், குடும்பத்தின் சடங்கு, தெய்வம், திருமண முறை, இறந்தவரை அடக்கும் முறை வரை விசாரிக்கலாம். போலிச் சான்றிதழால் ஒரு இடம் பறிபோனால் இழப்பு உண்மையான பழங்குடிப் பிள்ளைக்குத்தான். சரிபார்ப்பு வேண்டும், அதில் சந்தேகமில்லை.

பிழை 20 வந்தால் பொறியாளர்கள் இரண்டு வழியில் போவார்கள். முதலாவது, சரிபார்ப்பையே அணைத்துவிடுவது. வேலை நடக்கும், ஆனால் நாளை யார் எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளும். இரண்டாவது, விடுபட்ட இடைநிலைச் சான்றிதழைத் தேடி எடுப்பது, வேர்ச் சான்றிதழைக் கட்டுப்பாட்டாளரின் தளத்திலிருந்து வாங்கி அதன் கைரேகையை இன்னொரு வழியில் ஒப்பிடுவது, பிறகு பெட்டியில் சேர்ப்பது. ஒரு கணினிக்கு ஒருமுறை செய்தால் போதும். பத்து நிமிட வேலை.

அலுவலக மேசையில் மூன்றாவது வழி ஒன்று உண்டு. ‘ஒரிஜினல் வாங்கிட்டு வாப்பா.’ எதை? கோப்புதான் அசல். அச்செடுத்த தாள் அதன் நிழல். கோட்டாட்சியரின் பச்சை மைக் கையெழுத்துக்காக அந்தப் பிள்ளை ஒரு நாளைச் செலவழித்து அலைவதால், மேசைமேல் இருக்கும் கணினியின் பெட்டியில் எதுவும் சேர்வதில்லை. அடுத்து வருபவரின் கோப்பிலும் அதே மஞ்சள் குறி நிற்கும். தெரியாதது சரிபார்ப்பவருக்கு. பஸ் காசு கொடுப்பது மலையிலிருந்து வந்தவர்.