ரயில் பெட்டி விளக்கு

1974இல் தாத்தாவுக்கு உடம்பு மோசம் என்று தந்தி வந்ததும் அம்பத்தூரிலிருந்து கிளம்பி இரவு வண்டி பிடித்தோம். அம்மா அந்தத் தந்தியையே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தாள். வண்டி சிக்னலில் நின்றது, விளக்கு மங்கியது.

அப்போது பெட்டிக்கு அடியில், சக்கர அச்சிலிருந்து பெல்ட் போட்டு டைனமோ சுழலும். வண்டி நின்றால் பேட்டரிதான். குண்டு பல்பு அதைச் சீக்கிரம் குடித்துவிடும். பிறகு டியூப் லைட் வந்தது, இப்போது எல்இடி. 60 வாட் குண்டு பல்பின் வெளிச்சத்தை 9 வாட்டில் தருகிறது. இதற்கு வழிதிறந்த நீல எல்இடிக்காக அகாசாகி, அமானோ, நகமுரா மூவருக்கும் 2014இல் நோபல் பரிசு.

இன்று பெட்டிக்குள் பகல்போல வெளிச்சம். தந்திதான் 2013 ஜூலையோடு நின்றுவிட்டது. அம்மாவும் இல்லை.